கொடுமரமும் வளைவொப்பும்

தமிழில் வில்லுக்கு வழங்கும் பெயர்கள் பல. சிலை, சாபம், தனு, கார்முகம், கோதண்டம் என்று அடுக்கப்படுவனவற்றுள் கொடுமரம் என்பது பொருள் வெளிப்படையானது. வளைந்த மரம் என்பதே அதன் கருத்து. ஆயினும் ஒருமுறையேனும் வில்லைச் செய்து பாராதவனை இப்பெயர் மயங்கச் செய்யும். வளைந்து கிடக்கும் மரம் வில்லாவதில்லை. நேராய் நின்று, இழுத்தபோது வளைந்து, விட்டபோது தன் பழைய நிலைக்கு விரைந்து மீள்வதே வில்லாம். வளைதல் மட்டும் போதாது. பிடிக்கு மேலுள்ள பாகமும் கீழுள்ள பாகமும் ஒத்து வளைதல் வேண்டும். ஒவ்வொரு பாகத்தினுள்ளும் அவ்வளைவு ஓரிடத்திலே குவியாது அடிமுதல் நுனிவரை பரவி நிற்றல் வேண்டும். இவ்வாறு ஒத்து வளையும் வண்ணம் மரத்தைச் சிறிது சிறிதாகச் சீவி அமைக்கும் தொழிலை ஆங்கிலேயர் ‘டில்லரிங்’ என்பர். அதனை ஈண்டு வளைவொப்பு எனக் குறிப்பது பொருந்தும்.

வேட்டைத் திருவிழாவிலே சுவாமியின் திருக்கரத்தில் விளங்கும் வில்லையும், கூத்துக் களரியிலே அருச்சுனன் ஏந்தி ஆடும் வில்லையும் கண்டு பழகியோர்க்கு இத்தொழிலின் அருமை எளிதிற் புலனாகாது. அவை வளைவாகவே அமைக்கப்பட்டவை. அவற்றின் நாண் அழகுக்காகக் கட்டப்பட்டது. ஒரு பாதி தடித்தும் மறு பாதி மெலிந்தும் இருப்பினும் அவற்றுக்கு ஒரு குறையுமில்லை. காட்டிலே கரடிக்கு எதிர்நின்றவன் கையிலிருந்த வில்லோ அவ்வாறன்று. அது முழு இழுப்பில் முறியுமாயின் இரண்டாம் முறை நாணேற்ற அவனுக்கு வேளை இராது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களைத் தழுவிக் கிடக்கும் வன்னிப் பெருநிலம் குளமும் காடும் வயலும் மாறிமாறி அமைந்த நாடு. பாலையும் முதிரையும் வீரையும் கருங்காலியும் செறிந்த அதன் உலர்காடுகளிலே மானும் மரையும் பன்றியும் கரடியும் சிறுத்தையும் வாழ்ந்தன. எஞ்சியவை இன்றும் வாழ்கின்றன. பயிரைக் காத்தற்கும் ஊனும் தேனும் தேடுதற்கும் மனிதர் இக்காட்டினுள் புகுந்தனர். துவக்கு வருமுன் அவர் கையில் இருந்தது வில்லும் அம்புமே. இந்நாட்டில் வில்லின் பழைமை சிறிதன்று. களுத்துறை மாவட்டத்திலுள்ள பாஹியன்கலக் குகையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்பு முனைகள் சிலவற்றை ஆராய்ந்தோர், அவை 48,000 ஆண்டளவு பழைமையுடைய அம்பு முனைகள் என 2020இல் முடிபு கூறினர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லின் வழக்கிற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்று. எலும்பு எஞ்சியது, அதனை எய்த மரம் மண்ணாயிற்று. வில்லின் வரலாறு எங்கும் இத்தகையதே.

எழுத்திலே கிடைக்கும் குறிப்புக்களுள் றொபேட் நொக்ஸ் என்பாருடையது பலவகையாற் சிறந்தது. 1660இல் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டுக் கண்டியரசன் நாட்டிலே பத்தொன்பது ஆண்டு காவலில் இருந்த அவர், 1679இல் அநுராதபுரத்தின் வழியாகத் தப்பி, அருவியாற்றங் கரையைப் பற்றிக்கொண்டு காட்டினூடே நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் வெளிவந்த அவரது நூலிலே காட்டு வேடரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. வேடர் இரவிலே கொல்லன் பட்டடைக்கு வந்து ஊனைத் தொங்கவிட்டு, தாம் வேண்டும் அம்பு முனையின் வடிவிலே ஓர் இலையை வெட்டி அருகில் வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வடிவிலே முனைகளைச் செய்து வைப்பானாயின் மேலும் ஊன் கொணர்ந்து தருவர். செய்யாதொழிவானாயின் இரவிலே அவனுக்குத் தீங்கு நேரும்.

இச்செய்தியை வாணிகத்தின் விந்தையாகவே பலரும் எடுத்துரைப்பர். வில்லின் நோக்கில் அது வேறொன்றையும் உணர்த்துகிறது. அம்பு முனையின் வடிவை ஓர் இலையிலே வெட்டி, முகங் காணாத ஒருவனுக்கு அறிவித்தல் கூடும். வில்லின் வடிவை அவ்வாறு அறிவித்தல் கூடாது. இரும்பு எங்கும் ஒரு தன்மைத்து. மரம் அடிக்கொரு தன்மைத்து. ஒரு நல்ல வில்லின் நீளம், அகலம், தடிப்பு யாவற்றையும் அணுவளவும் பிசகாது அளந்து, அவ்வளவிலேயே மற்றொரு மரத்தைச் செதுக்கினால், கிடைப்பது பெரும்பாலும் வில்லாகாது; ஓரிடத்தில் விறைத்தும் ஓரிடத்தில் நொய்ந்தும் வளையும் கம்பே கிடைக்கும். செலிக்மன் தம்பதியர் 1907, 1908ஆம் ஆண்டுகளில் வேடரிடையே ஆய்வு நடத்தி 1911இல் வெளியிட்ட நூலிலும், நீர்ப்பாசனப் பகுதியில் கடமையாற்றிய பாக்கர் 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்னும் நூலிலும் வேடரின் வில் விவரிக்கப்பட்டுள்ளது. ஆளுயரமோ அதற்குச் சிறிது மேலோ உள்ள, ஒரே மரத்தாலாகிய எளிய வில் அது. அந்நூல்களால் அதன் தோற்றத்தை அறியலாம். அதனைச் சீவியவனின் கண் எங்கே நின்றது, கை எங்கே தயங்கியது என்பவற்றை அளவுகள் கூறமாட்டா. வன்னிக் காடுகளிலே வில்லின் இடத்தைத் துவக்குப் பிடித்தபோது மறைந்தது ஒரு படைக்கலம் மட்டுமன்று. தகப்பன் அருகிருந்து மகன் பார்த்துப் பழகிய அக்கண்ணும் அதனுடன் மறைந்தது. எஞ்சிய வேட்டையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் வரையறைக்குட்பட்டது. அது நன்றே. ஆயின் வில் வேட்டைக்கு மட்டும் உரியதன்று. அதன் உள்ளே ஒரு நல்ல பௌதிகப் பாடம் அடங்கியுள்ளது.

அப்பாடத்திற்கும் நொக்ஸ் நூலுக்கும் எதிர்பாராத ஓர் உறவுண்டு. அந்நூலுக்கு முன்னுரை வரைந்தவர் றொபேட் ஊக். விற்றராசிலே பாரத்தைத் தூக்கி நீட்சியை அளக்கும் மாணவர் யாவரும் அறிந்த ஊக்கின் விதிக்கு உரியவர் அவரே. அவ்விதியை அவர் விளக்கி வெளியிட்டது 1678இல். வளைந்த மரத்தின் குவிந்த பக்கத்து நார்கள் நீளுதலையும் குழிந்த பக்கத்து நார்கள் அமுங்குதலையும் அவர் எடுத்துக் காட்டினார். சுருளாகிய கம்பியையும் தமிழ் வில் என்றே வழங்குவது பொருத்தமானதே.

இனி, வில்லின் உறுப்புக்களுக்கு ஒரு வரையறை வேண்டும். நடுவே பற்றும் இடம் விற்பிடி. அதன் மேலுள்ள பாகத்தை மேற்கை என்றும் கீழுள்ளதைக் கீழ்க்கை என்றும் கொள்க. நாணைக் கொளுவுதற்கு நுனிகளில் வெட்டப்படும் வெட்டு குதை எனப்படும். எய்பவனை நோக்கிய பக்கம் அகம்; இலக்கை நோக்கிய பக்கம் புறம். தமிழ் மாணவர்க்கு இவ்விரு சொற்களும் வேறொரு துறையிற் பழகியவையாதலின் மறக்கமாட்டா. இழுக்கும்போது புறத்து நார்கள் இழுபடும். அகத்து நார்கள் அமுக்குண்ணும். புறத்தில் ஒரு நார் அறுந்தாலும் அவ்விடத்திலிருந்து வெடிப்பு ஓடும். ஆதலால் புறத்தைக் கத்தியால் தொடுதல் ஆகாது என்பது இத்தொழிலின் முதல் விதி. பட்டையை உரித்த அளவில் அது நிற்க வேண்டும். சீவுதலெல்லாம் அகத்திலேயே நிகழும்.

மரத்தைத் தெரிதல் பற்றி நூல்கள் கூறுவன சுவையானவை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம், படைக்கலச்சாலைத் தலைவனின் கடமைகளைக் கூறுமிடத்து, பனையாலாகியதைக் கார்முகம் என்றும், மூங்கிலாலாகியதைக் கோதண்டம் என்றும், மரத்தாலாகியதைத் துரூணம் என்றும், கொம்பாலாகியதைத் தனு என்றும் வகுக்கிறது. ஒருபொருட் பன்மொழி எனக் கருதப்படும் பெயர்கள் தச்சன் பட்டறையில் வெவ்வேறு பொருள்களாயிருந்தன என்பது இதனால் விளங்கும். சிலை என்னும் தமிழ்ச் சொல்லும் முதலில் ஒரு மரத்தின் பெயரே. கௌடிலியர் கூறும் நாண் வகைகளுள் மூர்வை, எருக்கு, சணல் என்பன அடங்கும். மூர்வையை மரல் எனக் கொள்வர் பலர். நம் நாட்டு வறள்காடுகளிலும் அச்செடி உண்டு. அதன் இலைநார் ஈரத்தில் எளிதிற் பழுதாகாது.

பனை என்றதும் வட மாகாணத்தார்க்கு ஓர் உவகை பிறத்தல் இயல்பு. பனையின் வைரம் மரத்தின் வெளிப்பக்கத்தில் அமைந்தது. உள்ளே போகப்போகச் சோறு. எனவே பனஞ்சிலாகையால் வில் செய்வோன் வெளிப்பக்கத்தைப் புறமாகவும் உட்பக்கத்தை அகமாகவும் வைத்து, அகத்தைச் சீவுவானாயின் முதல் விதியை மரமே காத்துக்கொள்ளும். காட்டு மரங்களுள் சடச்சி குறிப்பிடத்தக்கது. மீள்தன்மை மிக்க இதன் மரம் வண்டிகளின் ஏர்க்காலுக்கும் காவுதடிக்கும் ஏற்றது. இவ்வினத்து மரமொன்றை வடமொழியார் தன்வனம் என்பர். தன்வன் என்பது வில்லைக் குறிக்குஞ் சொல். முதிரையும் பாலையும் பாரமும் வன்மையும் உடையவை. வீட்டுக்கும் பாலத்துக்கும் உகந்தவை. வன்மை வேறு, மீள்தன்மை வேறு என்பதனை இளைஞர் பலர் வில் முறிந்த பின்னரே அறிகின்றனர். இக்காலத்தில் அனுமதியின்றிக் காட்டு மரத்தைத் தறித்தல் குற்றமாம். அன்றியும், 2009 வரை போர் நிகழ்ந்த இடங்களிலே நின்ற முதுமரங்களுள் உலோகச் சிதறல்கள் புதைந்திருத்தல் கூடும். அவற்றாற் கத்தி முறிவதுடன், அவை பட்ட இடத்து நாரும் திரிந்திருக்கும். வீட்டுக் காணியில் விழுந்த பனையோ, வேலியோரத்து மூங்கிலோ கற்பவனுக்குப் போதும்.

மரத்தை வாளால் அறுப்பதினும் ஆப்பு வைத்துப் பிளத்தல் நன்று. வாள் தான் செல்லும் வழியே செல்லும். ஆப்பு நார் செல்லும் வழியே செல்லும். பிளந்ததன் இரு நுனிகளுக்கும் தேன்மெழுகு பூசி, நிழலிலே பல மாதம் உலரவிடல் வேண்டும். நுனி விரைந்து உலருமாயின் வெடிக்கும். வன்னியிலே சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையுள்ள மாதங்கள் இதற்கு ஏற்றவை. மாரியிலே சீவிய வில் மாரி வில்லாகவே அமைந்துவிடும்.

ஒத்த தடிப்புடைய மரம் ஒத்து வளையாதோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. காட்டிலே வெட்டிய இளங்கம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோர்க்கு அதன் விடை உடனே கிட்டும். கம்பின் அடி தடித்தது; தலை மெலிந்தது. உருளையாகிய கம்பின் விறைப்பு அதன் விட்டத்தின் நாலாம் அடுக்கைப் பொறுத்து மாறும். அடிப்பக்கத்துக் கையின் விட்டம் தலைப்பக்கத்துக் கையினும் பத்திலொரு பங்கு மிகுந்திருக்குமாயின், அதன் விறைப்புப் பத்திலொரு பங்கன்று, நூற்றுக்கு 46 பங்கு மிகும். நாணின் இரு முனைகளிலும் இழுவிசை ஒன்றே. ஆகவே விறைத்த கை சிறிது வளைய, நொய்ந்த கை பெரிதும் வளையும். அம்பு விடப்படும்போது விறைத்த கை முந்தி மீளும், நொய்ந்தது பிந்தும். அம்பின் வால் மேலோ கீழோ தள்ளுண்டு, அம்பு நெளிந்து செல்லும். பிடித்த கையிலும் ஓர் உதறல் தோன்றும். இவை பொறுக்கத்தக்கன. நொய்ந்த கை தன் பங்கினும் மிகுந்த வளைவைச் சுமந்து ஒருநாள் முறிதலே பொறுக்கத்தகாதது.

சீவித் தட்டையாக்கிய வில்லில் விறைப்பு அகலத்தை நேரே பொறுத்தும், தடிப்பின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தும் மாறும். 20 மில்லிமீற்றர் தடித்த இடத்தில் ஒரு மில்லிமீற்றரைச் சீவினால் ஏறத்தாழ நூற்றுக்கு 14 பங்கு விறைப்புக் குறையும். இரண்டைச் சீவினால் 27 பங்கு குறையும். நகக்கண் அளவு மரத்திலே வில்லின் வாழ்வு தங்கியிருப்பது இதனாலே. தச்சன் மேசைக்குச் சீவும் கையோடு வில்லுக்கும் சீவுவானாயின் நான்கு வீச்சிலே தொழில் முடிந்துவிடும், வில்லும் முடிந்துவிடும்.

ஒரு கையினுள்ளே வளைவு எவ்வாறு பரவுதல் வேண்டும் என்பதும் கணக்கிற்கு அடங்கும். நாண் நுனியை இழுக்கிறது. அவ்விழுப்பின் திருப்பம் நுனியில் இன்மையாகவும், பிடியை நெருங்க நெருங்க மிகுதியாகவும் இருக்கும். சுவரிற் பொருத்திய விட்டத்தின் நுனியிலே பாரந் தூக்கினால் அது சுவரோரத்திலே முறியும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். வில்லின் கையும் அத்தகைய விட்டமே. அகலம் மாறாதிருக்கத் தடிப்பு மட்டும் குறைந்து செல்லும் கையிலே வளைவு எங்கும் ஒன்றாயிருத்தற்கு, பிடியோரத்திலே 20 மில்லிமீற்றர் தடிப்பாயின் நடுவிலே ஏறத்தாழ 16உம், நுனிக்கு முன் கால்வாசித் தூரத்திலே ஏறத்தாழ 12½உம் வேண்டும். மாறாகத் தடிப்பை ஒன்றாய் வைத்து அகலத்தை நுனி நோக்கிக் குறைத்துச் செல்வதும் ஒரு வழி. அவ்வழியில் மரம் எங்கும் ஒரே அளவில் வருந்தும் என்பதை 1930களில் ஹிக்மன் முதலிய அமெரிக்கப் பௌதிக அறிஞர் கணித்துக் காட்டினர். துலாவை நுனியிற் சிறுத்து அமைத்த நம் ஊர்த் தச்சனும் இதனைக் கணக்கின்றி அறிந்திருந்தான். ஆயினும் இக்கணக்கெல்லாம் மரம் முழுவதும் ஒரு தன்மைத்து என்று கொண்டு செய்வது. முதற் செதுக்குக்கு அது வழிகாட்டும். கடைசிச் சீவலுக்கு அது உதவாது.

கடைசிச் சீவலே வளைவொப்பு. வாய்ச்சியாலும் உளியாலும் பருமட்டாகச் செதுக்கிய மரத்தின் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியிலே கைவைத்து மெல்ல அழுத்திப் பார்த்தல் முதற் படி. இரு கைகளும் இரண்டு மூன்று அங்குலம் வளையும்வரை இவ்வாறே அகத்தைச் சீவிச்சீவி அழுத்திப் பார்க்க வேண்டும். அதன் பின்னரே குதை வெட்டப்படும். குதைகளில் முதலிற் கொளுவுவது தொய்ந்த நெடுநாண். வில்லை வளைக்காமலே பூட்டத்தக்க நீளமுடையது. வில்லின் பிடியைச் சுவரிலே அறைந்த ஒரு கட்டையின்மேல் ஏற்றி, நாணிலே கயிறு கட்டி, அக்கயிற்றைக் கீழேயுள்ள கப்பியினூடே எதிர்ப்பக்கத்திற்குக் கொண்டு வந்து, நாலைந்து அடி தள்ளி நின்று இழுக்க வேண்டும். சுவருக்கு வெள்ளையடித்துக் கரியாற் கிடைக்கோடுகள் வரைந்திருந்தால் இரு நுனிகளும் ஒத்து இறங்குகின்றனவா என்பது ஒரு பார்வையிற் புலனாகும். தள்ளி நிற்பது இரு காரணத்தால்: அருகிருந்து பார்ப்பவனுக்கு முழு வளைவும் கண்ணில் அடங்காது, முறிந்தால் முகத்திலும் படும்.

இழுத்தபோது எங்கே மரம் வளையாது நேராய் நிற்கிறதோ அங்கே கரியால் அடையாளமிட்டு, வில்லை இறக்கி, அவ்விடத்து அகத்தை மட்டும் சீவ வேண்டும். இந்நிலையிலே உளிக்கு வேலையில்லை. கத்தியின் வாயை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுதலோ உடைந்த கண்ணாடித் துண்டாற் சுரண்டுதலோ போதும். பத்து அல்லது இருபது சுரண்டல் என்று எண்ணிச் செய்தல் நல்ல வழக்கம்; எண்ணாதவன் எவ்வளவு எடுத்தான் என்பதை அறியமாட்டான். சுரண்டிய பின் வில்லை மீண்டும் ஏற்றி, முன்பு இழுத்த அளவுக்கே இருபது முப்பது முறை மெல்ல இழுத்து விடுதல் வேண்டும். சுரண்டிய உடனே மரம் தன் மாற்றத்தை முழுதும் காட்டாது. சிறிது பழகிய பின்னரே காட்டும். இதனைப் பொறாது மேலும் சுரண்டியவர்களின் வில்லே பெரும்பாலும் கெடுகிறது.

வளைவு ஒவ்வாத அளவிற்கு மேல் ஒருபோதும் இழுத்தலாகாது. பத்தங்குல இழுப்பில் இரு கைகளும் ஒத்தால் பதினோராவது அங்குலத்திற்குச் செல்லலாம். ஒவ்வாவிடின் அங்கேயே நின்று சீர்செய்தல் வேண்டும். அவ்வாறே, முடிவில் வில்லுக்கு வேண்டிய இழுப்புப் பாரம் 40 இறாத்தலாயின், எந்நிலையிலும் அதற்கு மேற்பட்ட பாரத்தால் இழுத்தலாகாது. கயிற்றின் இடையே ஒரு விற்றராசைப் பூட்டினால் இது எளிதாகும். நெடுநாணில் ஒத்தபின் குறுநாணைப் பூட்டி, முதலில் மூன்று நாலு அங்குலமும் பின்னர் ஆறங்குலமும் நாண் உயரும்படி வளைத்து, அங்குலம் அங்குலமாக முழு இழுப்பை நோக்கிச் செல்ல வேண்டும். நாணேறிய வில்லின் அகத்திலே ஆறங்குல நீளமுள்ள நேரிய மரத்துண்டொன்றை வைத்து நுனியிலிருந்து பிடிவரை நகர்த்தினால், அத்துண்டின் நடுவுக்கும் வில்லுக்கும் இடையே தோன்றும் வெளி, வளைந்த இடத்திற் பெருத்தும் விறைத்த இடத்திற் சிறுத்தும் காட்டும். பழகாத கண்ணுக்கு இது நல்ல துணை.

வளைவொப்பிலே நேரும் பிழைகளுள் கொடியது மடிப்பு. ஓரிடத்திலே மிகுதியாகச் சீவப்பட்டு, வில் அங்கே கீல்போல மடிதலாம். சீவியதை மீண்டும் ஒட்டுதல் இயலாது. மடிப்பைக் கண்டவன் அவ்விடத்தைக் கையாலுந் தொடாது, அதன் இருமருங்கும், மற்றைக் கை முழுவதும் சீவிச்சீவி, எல்லாவற்றையும் அந்நொய்ந்த இடத்தின் அளவிற்கு இறக்க வேண்டும். 50 இறாத்தலை எண்ணித் தொடங்கிய வில் 35 இறாத்தலில் வந்து நிற்கும். பெரியவன் வில் சிறுவன் வில்லாகும். அதுவும் வில்லே. கணு உள்ள இடத்தில் மாறாகச் செய்ய வேண்டும்: கணுவைச் சுற்றி மரத்தைச் சிறிது மிகுதியாக விட்டு, அங்கே வளைவு சற்றுக் குறைதலை ஏற்றுக்கொள்ளுதலே தகும். கணுவையும் ஒழுங்கு வளைவிற்குக் கொணர முயன்றால் வில் அங்கே முறியும். அகத்தில் முடியளவு குறுக்கு வரிகள் தோன்றுமாயின் அவ்விடத்து நார்கள் அமுக்கத்தால் நசுங்கின என்று அறிக. நாணை இறக்கிய பின்னும் வில் நேராகாது ஓரங்குலம் வளைந்திருத்தல் இயல்பு. அவ்வளைவு முழுவதும் ஓரிடத்திலே தங்கியிருக்குமாயின், அந்த இடம் தன் அளவிற்கு மேல் உழைத்தது என்பதற்கு அதுவே சான்று.

இரு கைகளும் ஒத்தல் என்பது இரண்டும் ஒன்றாயிருத்தலன்று. இதனை ஆராயாது அளவுகோலையே நம்புவோர் பலர். அம்பு செல்வது பிடித்த கைக்கு மேலே. பிடி நடுவில் அமைந்தால் அம்பு நடுவிற்குச் சற்று மேலே நிற்கும். அம்பு நடுவில் அமைந்தால் பிடி கீழே தாழும். எவ்வகையாயினும் கீழ்க்கை சிறிது மிகுதியாக இழுபடும். ஆதலால் மேற்கையைக் கீழ்க்கையினும் சற்றே நொய்தாக விடுதல் பலர் வழக்கம். நாணேறிய நிலையில் பிடியின் இரு மருங்கும் ஒத்த தூரத்திலே அளந்தால், மேலே எட்டிலொரு அங்குலமோ காலங்குலமோ மிகுதியாக இருக்கும். யப்பானியர் வில் இதற்கு எல்லையான உதாரணம். ஏழடிக்கு மேற்பட்ட அவ்வில்லின் பிடி, கீழிருந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உயரத்திலே அமைந்தது. இரு கைகளும் நீளத்தாலும் தடிப்பாலும் வேறு. இழுத்தபோது இரண்டும் ஒரே வேளையில் உழைக்கும்படி அமைத்தமையே அதன் ஒப்பு. அலெக்சாந்தர் படையுடன் வந்த நியர்க்கஸ் கூறியதாக ஆரியன் என்னும் கிரேக்க ஆசிரியர் குறிப்பதன்படி, இந்தியக் காலாட்கள் ஆளுயர வில்லை நிலத்திலே ஊன்றி இடக்காலால் அழுத்தி எய்தனர். அவ்வாறு ஊன்றி எய்யும் வில்லுக்கு வேறு ஒப்பு வேண்டியிருந்திருக்கும். அக்கினி புராணத்துத் தனுர்வேதப் பகுதி நான்கு முழ வில்லைத் தலையாயதாகவும், மூன்றரை முழ வில்லை இடையாயதாகவும், மூன்று முழ வில்லைக் கடையாயதாகவும் வகுப்பது நீளத்தைப் பற்றியதே. நீளம் இலையிலும் ஏட்டிலும் எழுதத்தக்கது.

வடமராட்சிச் சிறுவர் பட்டத்திலே விண் கட்டுவதைக் கண்டோர் இவ்வொப்பின் எளிய வடிவத்தைக் கண்டோராவர். விண்ணுக்குரிய வில்லின் இரு பாகமும் எடையாலும் வளைவாலும் ஒவ்வாவிடின் பட்டம் ஒரு பக்கம் சாயும். சிறுவன் அதனை இறக்கி, விரலின்மேல் நிறுத்திப் பார்த்து, தாழ்ந்த பக்கத்தைச் சீவுவான். அவனுக்கு எவரும் சூத்திரம் கற்பிக்கவில்லை. வன்னிப் பாடசாலைகளின் கைவேலை அறையிலே ஒரு பனஞ்சிலாகையும் ஒரு கப்பியும் ஒரு விற்றராசும் இருந்தால், ஊக்கின் விதியையும் நாலாம் அடுக்கின் வலிமையையும் மாணவர் தம் கையாலேயே அறிதல் கூடும். முதல் வில் முறியும். இரண்டாவதும் முறிதல் கூடும். ஆசிரியர் அதற்கேற்ப இரண்டு மூன்று சிலாகைகளை மிகுதியாகச் சேர்த்து வைத்தல் நன்று.

முழு இழுப்பிற்கு ஓரங்குலம் குறைவாகவே சுவரருகு வேலையை நிறுத்திவிட்டு, எஞ்சியதை எய்து முடிக்க வேண்டும் என்பர் அனுபவசாலிகள். பின்னாளில் எலிசபெத்து இளவரசிக்கு ஆசிரியராயமர்ந்த றொஜர் அஸ்காம், 1545இல் எழுதிய விற்கலை நூலிலே, புது வில்லை வாங்கியவன் அதனை வெளிக்குக் கொண்டு சென்று எய்து பார்த்து, பின்னர் மீண்டும் வில் செய்வோனிடம் கொடுத்துச் சீவுவித்து, எங்கும் வட்டமாய் வளையும்படி திருத்துவித்தல் வேண்டும் என அறிவுரை கூறினார். அவ்வாண்டிலேயே ஆங்கிலேயரின் ‘மேரி றோஸ்’ என்னும் போர்க்கப்பல் கடலில் மூழ்கிற்று. 1982இல் உயர்த்தப்பட்ட அக்கப்பலிலிருந்து முழுமையாகக் கிடைத்த வில்கள் 130க்கு மேற்பட்டன. அரசன் படைக்கென ஒரே மரவகையிற் செய்யப்பட்ட அவற்றின் நீளம் ஏறத்தாழ 1.87 மீற்றர் முதல் 2.11 மீற்றர் வரை வேறுபடுகின்றது. அரசாணையாலும் மரத்தை ஓரளவிற்குக் கொணர இயலவில்லை.

எய்து பழகிய வில்லின் அகத்தைப் பிராய் இலையால் தேய்த்து, எண்ணெயும் மெழுகும் பூசி வைத்தல் முடிவான வேலை. எய்யாத வேளையில் நாணை இறக்கிவிடல் வேண்டும். சோளகத்திலே ஒத்து வளைந்த வில், வாடைக் காற்றும் மழையும் தொடங்கியபின் ஈரத்தை உண்டு சிறிது தளரும். இரு கைகளும் ஒரே அளவில் ஈரத்தை உண்பதில்லை. ஆதலால் மாரி பிறந்ததும் அதனை மீண்டும் சுவரிலே ஏற்றி, நாலைந்து அடி தள்ளி நின்று, ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.